பூட்டை வெட்டியவன்

ஐந்நூறு டன் பிரஸ்ஸின் வயிற்றுக்குள் நான் குனிந்திருந்தபோது என் பூட்டை வெட்டியவன் என் தெருக்காரன். பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் சற்றுத் தள்ளிக் குடியிருக்கிறான். ஒரே ஐ.டி.ஐ.யில் படித்து, ஒன்றாக அப்ரண்டிஸ் சேர்ந்து, வருடக்கணக்கில் ஒரே வண்டியில் ஓசூர் ரோட்டுப் புகையைத் தின்றுகொண்டு வேலைக்குப் போனவர்கள் நாங்கள். அவன் சூப்பர்வைசர் ஆனான். நான் மெக்கானிக்காகவே இருந்தேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. அவனுக்கு இயந்திரத்தைத் தொடவே எப்போதும் பயம். பயப்படுகிறவர்களைப் பத்திரமாக மேலே தூக்கி உட்கார வைப்பது எங்கள் கம்பெனியின் வழக்கம்.

பொம்மசந்திரா பக்கம் இருக்கிறது தொழிற்சாலை. காரின் கதவுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் கிடக்கும், வாங்குகிறவன் ஆயுசுக்கும் பார்க்கப்போகாத இரும்புத் தகடுகளை நாங்கள் அடித்துத் தருகிறோம். அடிப்பது பிரஸ். மாடிவீட்டு உயரத்தில் இருக்கும். மேலே ஒரு பெரிய சக்கரம் ஓயாமல் சுழலும். ஆபரேட்டர் இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால், சக்கரத்தின் வேகமெல்லாம் ராம் என்கிற இரும்புப் பாறைக்குள் இறங்கி, அது கீழே இருக்கும் அச்சின் மேல் விழும். நடுவில் தகடு இருந்தால் தகடு வளையும். நடுவில் கை இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். இயந்திரத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டென்றால் அது இதனால்தான். அது யாரிடமும் நடிக்காது.

மனிதர்கள் அப்படியில்லை. பிரஸ்கள் நிற்கும் எங்கள் ஷாப்பில் பாதுகாப்பைப் பற்றிய பலகைகள் இல்லாத சுவரே கிடையாது. கழிப்பறைக் கதவில்கூட ஒன்று உண்டு. கன்னடம், இந்தி, தமிழ், இங்கிலீஷ் என்று நான்கு மொழிகளில் எழுதியிருப்பார்கள். தமிழை எழுதியது கம்ப்யூட்டர். அதைச் சரிபார்க்க ஆபீசில் உட்கார்ந்திருந்த தமிழர்கள் யாருக்கும் நேரமில்லை. இயந்திரத்தைப் பூட்டும்போது நாங்கள் மாட்டும் சிவப்பு அட்டையில், ‘டோன்ட் ஆபரேட்’டுக்குத் தமிழில் ‘இயக்காதே’ என்று இருக்க வேண்டிய இடத்தில், ‘ஆபத்து! அறுவை சிகிச்சை செய்யாதீர்’ என்று அச்சடித்திருந்தார்கள். நான் ஒருமுறை போய்ச் சொன்னேன். அட்டைகள் நிறைய அச்சடித்தாகிவிட்டது, தீர்ந்ததும் மாற்றலாம் என்றார்கள். ஆகவே பல மாதங்கள் நான் ஒவ்வொரு முறையும் என் புகைப்படம் ஒட்டிய அந்த அட்டையைத் தொங்கவிட்டு, யாரும் எனக்கு அறுவை சிகிச்சை செய்துவிடக் கூடாது என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டேன்.

பூட்டு என்றேன். அதைச் சொல்லிவிடுகிறேன். பிரஸ்ஸுக்குள் போவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் என் பூட்டைப் போட்டு, சாவியை என் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பூட்டுக்கு வேறு சாவி கிடையாது. மேலே சக்கரம் முழுவதும் நிற்கிறவரை காத்திருக்க வேண்டும். பிறகு ராமுக்கும் கீழ்மேடைக்கும் நடுவே ஒரு கனத்த இரும்புக் கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும். கட்டை ராமின் எடையைத் தாங்கும். மோட்டார் ஓடி, பட்டனை அழுத்தி, முழு வேகத்தில் ராம் இறங்கினால் தாங்காது. அதற்காக அந்தக் கட்டையோடு ஒரு பிளக் இருக்கும். முட்டுக்கொடுப்பதற்காகக் கட்டையை அதன் ஸ்டாண்டிலிருந்து எடுத்தாலே பிளக் பிடுங்கிக்கொண்டு, பட்டன் வேலை செய்யாமல் போய்விடும். எங்கள் பிரஸ்ஸில் அந்த பிளக் உடைந்து, இரண்டு ஒயரை முறுக்கி நேராகச் சேர்த்துவிட்டிருந்தார்கள். புது பிளக் வரும் என்றார்கள். வந்துகொண்டே இருந்தது. மிச்சமிருந்தது என் பூட்டு ஒன்றுதான்.

பூட்டு வெட்டுப்பட்ட அன்றைக்கு எங்களிடம் சரக்கு வாங்கும் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. எதற்கு? பாதுகாப்பில் சிறந்த தொழிற்சாலை என்று எங்களுக்கு ஷீல்டு கொடுப்பதற்கு. ஒரு வாரமாகவே ஷாப்பில் வேலை என்று ஒன்று நடக்கவில்லை. பெயிண்ட் அடிப்பதுதான் நடந்தது. தரையில் மஞ்சள் கோடு, தூணில் கறுப்பும் மஞ்சளும், குப்பைத்தொட்டிக்குப் பச்சை. பராமரிப்பு வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் போக வேண்டும், ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே. என் கூட்டாளியைக் காலையிலேயே பிரஷ் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ராமுக்குப் பின்பக்கம் ஒரு கிரீஸ் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஷீல்டு கொடுக்க வருகிறவர்களின் வெள்ளைச் சட்டையில் கிரீஸ் சொட்டக் கூடாதல்லவா? அதை உடனே சரி செய்யச் சொன்னவன் என் தெருக்காரன்தான். சொல்லிவிட்டு மறந்துபோனான்.

நான் பூட்டைப் போட்டேன். அட்டையைத் தொங்கவிட்டேன். கட்டையை முட்டுக்கொடுத்தேன். பின்பக்கமாக, இரண்டு தூண்களுக்கு நடுவில் இருக்கும் சந்தின் வழியாக உள்ளே நுழைந்து, லைட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். முன்பக்கம் பிளாஸ்டிக் கதவு சாத்தியிருந்தது. எண்ணெய் படிந்து அது பழுப்பேறி, கண்ணாடி என்று சொல்ல முடியாதபடி ஆகியிருந்தது. பக்கத்து பிரஸ்கள் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் நானே என்னைக் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது.

குழாயின் நட்டை முடுக்கிக்கொண்டிருக்கும்போது முழங்காலுக்குக் கீழே ஒரு அதிர்வு. பக்கத்து பிரஸ்ஸின் அதிர்வு விட்டுவிட்டு வரும். இது விடாமல் வந்தது. அப்புறம் என் தலைக்கு மேலே அந்த முனகல். மோட்டார் ஓட ஆரம்பித்து, சக்கரம் மெதுவாக வேகம் எடுக்கும் சத்தம். அந்தச் சத்தத்தை எத்தனையோ முறை வெளியிலிருந்து கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட உள்ளிருந்து கேட்டதில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் பெண்டாட்டி பிள்ளைகள் முகம் கண்ணுக்கு முன்னால் வரும் என்று சொல்கிறார்கள். எனக்கு வரவில்லை. நட்டைப் பாதியில் விட்டுவிட்டோமே, கிரீஸ் பீய்ச்சி அடிக்குமே என்றுதான் தோன்றியது. பிறகுதான் உடம்புக்கு விஷயம் புரிந்தது. சந்தில் தோளைக் கொடுத்து, சட்டை கிழிய, பின்னாலேயே நகர்ந்து வெளியே விழுந்தேன். எழுந்து பிரஸ்ஸைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் ஓடினேன்.

அங்கே என் தெருக்காரன் ஒரு போல்ட் கட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். என் பூட்டு வெட்டுப்பட்டுத் தரையில் கிடந்தது. அட்டை புது மஞ்சள் கோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே ஆபரேட்டர். ஒடிசாக்காரன், கான்ட்ராக்ட் ஆள், அதிகம் பேசமாட்டான். பட்டனை அழுத்தச் சொல்லி இவன் கத்திக்கொண்டிருந்தான். ராம் ஒரு தடவை இறங்கி ஏறுகிறதா என்று விசிட்டர்கள் வருவதற்குள் பார்த்துவிட வேண்டுமாம். அவனோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்திவைத்த பையன் மாதிரி நின்றான்.

“அந்தர் ஆத்மி ஹை, சார்” என்றான். உள்ளே ஆள் இருக்கிறான் என்று. அந்தப் பழுப்புப் பிளாஸ்டிக் வழியாக என் லைட்டின் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறான். வேறொன்றும் அவனுக்குத் தெரியாது. கைகளை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டான்.

என்னைப் பார்த்ததும் என் தெருக்காரன் கேட்டது இது.

“நீ இங்கயா இருந்த?”

என் புகைப்படம் அவன் காலடியில் கிடந்தது.

நான் எதையோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் வாசல் பக்கம் விசிட்டர்கள் தெரிந்தார்கள். அவன் கட்டரை பேனலுக்குப் பின்னால் சாய்த்துவைத்துவிட்டு, அப்புறம் பேசிக்கொள்ளலாம், சட்டையை மாற்றிக்கொண்டு வா என்றான். பூட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினான். விசிட்டர்கள் வந்தார்கள். மஞ்சள் கோட்டுக்குள்ளேயே ஒழுங்காக நடந்தார்கள். அதற்குள் கட்டையை எடுத்துவிட்டு பிரஸ்ஸை ஓட்டிக் காண்பித்தார்கள். கை தட்டினார்கள். ஷீல்டு கைமாறியது. பித்தளை நிறத்தில் இருந்தாலும் பிளாஸ்டிக்தான். நான் கேன்டீனில் போய் டீ வாங்கினேன். உட்கார்ந்து பார்த்தால் டீ முழுக்கத் தட்டில்தான் இருந்தது.

அடுத்த நாள் நானே போய்ப் புகார் சொன்னேன். ஏ.சி. அறையில் விசாரணை. மேனேஜர், எச்.ஆர். அம்மா, ஒரு கீறல்கூட விழாத ஹெல்மெட்டை மேஜை மேல் வைத்துக்கொண்டு பாதுகாப்பு அதிகாரி. என் தெருக்காரனும் உட்கார்ந்திருந்தான். எல்லோருக்கும் பிஸ்கட் வைத்தார்கள். நடந்ததை நான் நடந்தபடி சொன்னேன். அவன், பூட்டு போட்ட ஆள் எங்கே என்று தெரியாததால் மூன்று தடவை கத்திக் கூப்பிட்டதாகச் சொன்னான். எங்கே நின்று கூப்பிட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. பூட்டின் சாவி யார் பாக்கெட்டில் இருக்கிறதோ அந்த ஆள் வெளியே இருக்கிறானா என்று பார்க்காமல் வெட்டலாமா என்று நான் கேட்டேன். பாதுகாப்பு அதிகாரி பிஸ்கட்டைப் பார்த்தார். மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இது இரண்டு தரப்புக்கும் நடுவில் ஏற்பட்ட கம்யூனிகேஷன் கேப் என்றார். அந்த வார்த்தை கிடைத்ததும் அறைக்கே மூச்சு வந்தது. ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். ஷீல்டு வாங்கிய மறுநாளே இதைப் பெரிதாக்குவது கம்பெனிக்கு நல்லதில்லை, எல்லாவற்றையும் பாசிட்டிவாகப் பார்க்க வேண்டும் என்றார் எச்.ஆர். அம்மா. பாசிட்டிவாகப் பார்த்தால் நான் சாகவில்லை. அதை நானே கவனித்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வண்டியில் அவன் பின்னால் நான் ஏறவில்லை. பஸ்ஸில் வந்தேன். சில்க் போர்டு சிக்னலில் பஸ் நின்றபோது பக்கத்தில் அவன் வண்டியும் நின்றது. இரண்டு பேருமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பிரியாணிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று என் மனைவி நாற்காலி எடுத்துப் போட்டாள். அவன் உட்கார்ந்து, வெயில் அதிகம், தண்ணீர் வரவில்லை, மகளுக்கு காலேஜ் சீட் கிடைக்கவில்லை என்றெல்லாம் பேசினான். கடைசியில், எனக்கு அவன் மேல் கோபம் இருக்கக் கூடாது என்றான்.

“நான் கூப்ட்டேன் மச்சி. உனக்குத்தான் கேக்கல. அந்த எடத்துல நீ இருந்தா நீயும் அதத்தான் செஞ்சிருப்ப.”

நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் பழகிய முகம். அதில் ஒரு இடத்தில்கூட வெட்கம் என்று ஒன்று இல்லை. தேடினேன், இல்லை. இவனோடு எப்படி ஒரே வண்டியில் போனோம் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

“பொட்டலத்த எடுத்துக்கினு போ” என்றேன்.

என் மனைவி அவன் போன பிறகு, சாப்பாட்டின் மேல் என்ன கோபம் என்று கேட்டாள். அவள் கார்மென்ட்ஸில் வேலை பார்க்கிறவள். தையல் மெஷின் ஊசி விரலில் இறங்கினால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மறுபடி உட்காரும் இடம். ராத்திரி சாப்பிடும்போது, “அந்தாளு பொண்டாட்டி மூஞ்ச நான் சர்ச்சுல பாக்கணும். எனக்குத்தான் கஷ்டம், உங்களுக்கு என்ன” என்றாள். கொஞ்சம் கழித்து, தட்டைப் பார்த்தபடியே, “நீங்க இல்லாம போயிருந்தா துக்கத்துக்கும் அதே பிரியாணிய எடுத்துக்கினுதான் வந்திருப்பான்” என்றாள். அதற்குப் பிறகு அவன் பேச்சை எடுக்கவில்லை.

கம்பெனி அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். விடவில்லை. பாதுகாப்பு வாரம் வந்தது. சந்தன நிறக் குர்த்தா போட்ட ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவந்தார்கள். அவர் எங்கள் ஷாப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, நாடகம் போடலாம் என்றார். நம் தொழிற்சாலையில் நடந்த ஒரு சம்பவத்தையே எடுத்துக்கொள்ளலாம், பாடம் மனதில் பதியும் என்றார். கதையை அவரே எழுதினார். ஒரு மெக்கானிக் பூட்டே போடாமல் பிரஸ்ஸுக்குள் உட்கார்ந்து செல்போனில் பேசிக்கொண்டிருக்கிறான். ஆபரேட்டர் தெரியாமல் பட்டனில் கை வைக்கப் போகிறான். விழிப்போடு இருக்கும் சூப்பர்வைசர் விசில் ஊதித் தடுத்து, அவனை இழுத்து வெளியே போட்டுக் காப்பாற்றுகிறார். எல்லோரும் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. பாத்திரங்களை மாற்றிக் கொடுத்தால் ஒருவர் கஷ்டம் ஒருவருக்குப் புரியும் என்றார். ஆகவே சூப்பர்வைசராக நான், மெக்கானிக்காக என் தெருக்காரன், ஆபரேட்டராக அதே ஒடிசாக்காரன். எச்.ஆர். அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது, அவ்வளவு நல்ல யோசனை.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். என் கூட்டாளி, பெயிண்ட் அடிக்கப் போனவன், அப்படித்தான் சொல்லச் சொன்னான். நான் ஒப்புக்கொண்டேன். அவன் குனிந்து உள்ளே போவதை ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது. அந்த ஆசை நல்லதா கெட்டதா என்று நான் யோசிக்கவில்லை.

கேன்டீனில் மேடை. இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, பச்சைத் துணி சுற்றி, மேலே தெர்மக்கோலில் ராம் செய்து வைத்திருந்தார்கள். மூன்று ஷிப்ட் ஆட்களும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் மேனேஜர். என் தெருக்காரன் மேஜைக்கு அடியில் போய்ச் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரியோடு பேசுவதாக நடித்தான். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. நான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தேன்.

விசிலை ஊதவில்லை. அதை முன்கூட்டித் திட்டமிட்டேன் என்று சொல்ல முடியாது. மேஜைக்கு முன்னால் நின்றதும், அன்றைக்கு அவன் நின்ற மாதிரி கால் அகட்டி நின்றேன். அவன் கத்திய அதே குரலில் ஆபரேட்டரைப் பார்த்து, பட்டனை அழுத்து என்றேன். வசனம் அதுவல்ல. ஆபரேட்டர் என்னையே பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நடந்தது என்ன என்று அங்கே இருந்த தொழிலாளிகள் எல்லோருக்கும் தெரியும். இதற்காக விசாரணை அறையில் யாரும் உட்கார வேண்டியதில்லை. நான் மறுபடி, “அழுத்துடா” என்றேன். அவன் தலையை ஆட்டினான். மேஜைக்கு அடியில் இருந்தவனுக்குச் செல்போனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. பச்சைத் துணிக்கு நடுவில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. அப்புறம் முழங்காலால் தவழ்ந்து வெளியே வந்து, எழுந்து, யாரையும் பார்க்காமல் கேன்டீன் வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

முதலில் கை தட்டியவர் மேனேஜர். நாடகம் இப்படித்தான் முடிகிறது என்று நினைத்துவிட்டார். பயிற்சியாளரும் தட்டினார். பிறகு எல்லோரும் உறுதிமொழி எடுத்தார்கள். இனிப்பு கொடுத்தார்கள்.

அன்றைக்கு கேட்டுக்கு வெளியே, பஸ் ஸ்டாப்பில் அவன் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

“உள்ள இருட்டா இருந்துச்சு மச்சி” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். தெர்மக்கோலுக்கு அடியில், செல்போனோடு, சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது இருட்டாக இருந்ததாம். இரக்கம் வர வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரிந்தது. வரவில்லை. மேஜைக்கு அடியில்தானே இருந்தாய் என்று கேட்டுவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவன் மூன்றாவது ஆள். அந்த மாதம் முடிந்ததும் ஒடிசாக்காரனுக்கு கான்ட்ராக்ட் நீட்டிக்கவில்லை. சூப்பர்வைசர் சொன்னதைச் செய்யவில்லை என்று முன்பே அவன் மேல் ஒரு குறிப்பு இருந்ததாம். எந்த நாள், எது செய்யவில்லை என்று கேட்டேன். என் உயிர் அவன் கையில் இருந்த அந்த நாள்தான். அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டது கீழ்ப்படியாமை என்று எழுதியிருந்தார்கள். எழுதியது என் தெருக்காரன் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் எழுதியபோது அவன் அந்த அறையில் இருந்தான், வாயைத் திறக்கவில்லை.

நான் மேனேஜரிடம் போய், அந்த ஆளைத் திரும்ப எடுக்கிறவரை எந்த பிரஸ்ஸுக்குள்ளும் நான் போகமாட்டேன் என்றேன். வெளியே இருந்து செய்யும் வேலை எல்லாம் செய்வேன், உள்ளே போகமாட்டேன். வெளியே எனக்காகக் கையைக் கட்டிக்கொள்ள ஆள் இல்லை என்றேன். அவர் சிரித்தார். ஆனால் என் கூட்டாளியும் வந்து அதையே சொன்னான். தான் அன்றைக்குப் பெயிண்ட் பிரஷ் பிடிக்கப் போனதை என்னைவிட அவன்தான் மறக்காமல் இருந்தான் போலிருக்கிறது. இரண்டு பிரஸ்கள் நின்றன. வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். அவன் முறுக்கிய ஒயரைப் பார்த்துவிட்டு, இதற்குள் நான் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு, வந்துகொண்டே இருந்த அந்த பிளக் ஒரே நாளில் வந்து சேர்ந்தது. பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும் சாமான். ஒடிசாக்காரனையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

அவன் தங்கியிருந்த இடத்துக்கு நானே போனேன். ஒரே அறையில் ஊர்க்காரர்கள் பலர். அவன் வாசலில் ஒரு பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாப்பாடு டெலிவரி வேலையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். கம்பெனி கூப்பிடுகிறது, வா என்றேன். எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில்தான். நான் சந்தோஷமான செய்தி கொண்டுவந்திருப்பதாக நினைத்துக்கொண்டு நின்றேன்.

அவன் துணியைப் பிழிந்தான். அங்கே வேண்டாம் அண்ணா என்றான். அன்றைக்கு அந்த சார் இன்னொரு தடவை கத்தியிருந்தால் தான் அழுத்தியிருக்கக்கூடுமோ என்று இன்னும் பயமாக இருக்கிறது என்றான். ஊரில் அம்மாவிடம்கூட அதைச் சொல்லவில்லையாம். டெலிவரியில் மழை, நாய், லிஃப்டில் ஏறவிடாத வாட்ச்மேன் எல்லாம் உண்டு. ஆனால் தன் கையால் யாரும் சாகமாட்டார்கள் என்றான். அவன் தோளைத் தட்டிவிட்டு வந்தேன். அந்த ஷாப்பில் வெட்கப்படத் தெரிந்த ஒரே ஆள், வெட்கப்பட ஒன்றுமே செய்யாதவன்.

என் தெருக்காரன் சில மாதங்களில் வேலையை விட்டான். மாலை வகுப்பில் பாதுகாப்பு டிப்ளமோ முடித்திருந்தானாம், அது எனக்குத் தெரியாது. வேறொரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தான். கேள்விப்பட்டபோது முதலில் நம்பவில்லை, பிறகு சிரித்தேன், பிறகு அந்தத் தொழிற்சாலையில் உள்ளே குனிகிறவர்களை நினைத்துச் சிரிப்பு நின்றது. தெருவில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டிக்கொள்வோம். பெண்கள் சர்ச்சில் பேசிக்கொள்கிறார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் சிவாஜிநகரில் கறி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டான். உடம்பு பூசினாற்போல் இருந்தான். புது சட்டை. பேசாமல் போவதற்கு வழியில்லாத கூட்டம். தன் கேபின், தன் கீழே இருக்கும் ஆட்கள், தான் எடுக்கும் வகுப்பு பற்றியெல்லாம் சொன்னான். வகுப்பில் நம் சம்பவத்தைத்தான் சொல்கிறேன் என்றான். எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. ஒத்துக்கொள்கிறானே என்று பார்த்தேன்.

“ஆனா உள்ள இருந்தது நான்னு சொல்றேன்” என்றான். “அப்பத்தான் கேக்கறவனுக்கு ஒறைக்கும். போன வாரம் ஒருத்தன் அழுதுட்டான், மச்சி.”

“பூட்ட வெட்னது யாருன்னு சொல்ற?”

“ஒரு சூப்பர்வைசர். பேரெல்லாம் சொல்லமாட்டேன். பாவம், எதுக்கு.”

அவன் கேலி செய்யவில்லை. முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே பெருந்தன்மையோடு சொன்னான். சொல்லிச் சொல்லி அவனுக்கு அதுவே நடந்ததாகிவிட்டது போலும். ஜனவரியில் தன் கம்பெனிக்கு வந்து நானும் ஒரு நாள் பேச வேண்டும் என்றான். எதைப் பேசுவது என்று கேட்டேன். பொதுவாக, மெக்கானிக் கோணத்திலிருந்து என்றான்.

வரமாட்டேன் என்றேன். இன்னும் கோபமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் வருத்தத்தோடு தலையை ஆட்டி, கோபத்தை விட்டுவிடு, உடம்புக்கு நல்லதில்லை என்றான். நீலசந்திரா பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கறிப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறினேன். உட்கார இடமில்லை.